கடைசி எழுத்து

65 வயதில் ஜப்பானிய மொழி படிக்க உட்கார்ந்தேன். மகள் நகோயாவில் குடும்பத்தோடு இருக்கிறாள். பேத்தி தோழிகளோடு பேசிச் சிரிப்பது எனக்கு ஒரு சொல்லும் விளங்காமல் போனது மனத்தை அறுத்தது. 34 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தியவன் நான். வினை கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நம் வழக்கம் போலவே இருந்ததால் முதல் இரண்டு மாதங்கள் சுகமாகப் போயின. பெயரடை வந்ததும் நின்றுவிட்டேன்.

அந்த மொழியில் பெயரடை முக்கியமாக இரண்டு இனம். ஒன்று 'இ' என்ற எழுத்தில் முடியும். ஷிரோஇ என்றால் வெள்ளை, சமுஇ என்றால் குளிர்ந்த. நம் அளபெடை போல அந்த இகரம் தனியெழுத்தாகவே நிற்கும். பெயருக்கு முன் அப்படியே வந்து சேரும்: ஷிரோஇ ஹனா, வெள்ளைப் பூ. மற்றது 'நா' என்ற துணையோடுதான் பெயருக்கு முன் வரும்: ஷிஸுக்கா நா ஹெயா, அமைதியான அறை.

தமிழருக்கு இது அந்நியமல்ல. நல்ல, பெரிய என்பவை துணையில்லாமல் வருகின்றன. அமைதி 'ஆன' சேர்ந்துதான் வருகிறது. வெளியிலிருந்து வந்த சொல்லையும் 'ஸ்டைலான' என்று 'ஆன' போட்டே உள்ளே அழைக்கிறோம். ஜப்பானியர் அழகிய ஆண்மகனைச் சொல்ல ஆங்கிலத்திலிருந்து எடுத்த சொல்லுக்கு 'ஹன்சமு நா' என்று நா போடுகிறார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நானும் உறவு கொண்டாடவில்லை. ஒற்றுமை படிக்க உதவியது, அவ்வளவே.

வேற்றுமை காலத்தில் இருக்கிறது. இகர இனம் காலத்தைத் தானே சுமக்கும். சமுஇ என்பது சமுக்கத்தா ஆனால் 'குளிராக இருந்தது' என்று பொருள். சமுக்குநாஇ என்றால் 'குளிராக இல்லை'. ஷிஸுக்காவோ உருமாறுவதில்லை, பின்னால் வரும் 'தெஷ்தா'தான் இறந்தகாலத்தைச் சொல்லும். தமிழில் குளிரும் மாறாது, அமைதியும் மாறாது. இரண்டுக்கும் 'இருந்தது' ஒன்றே போதும். அதனால் நம் நாக்கு 'சமுஇ தெஷ்தா' என்றே போகும். அது பிழை. சமுக்கத்தா தெஸு என்பதே சரி; தெஸு என்பது தெஷ்தாவின் இறந்தகாலம் அல்லாத வடிவம். இதைத் திருத்திக்கொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆயிற்று.

திருத்திய வேகத்தில் எதிர்ப்பக்கம் சறுக்கினேன். நகோயாவில் மகளின் பக்கத்து வீட்டு அம்மையார் தம் காலமான கணவர் வளர்த்த தோட்டத்தின் படத்தைக் காட்டினார். அழகாக இருந்தது என்று சொல்ல நினைத்து, 'கிரேஇக்கத்தா' என்றேன். அவர் படத்தைப் பார்த்தபடியே மெல்ல, 'கிரேஇ தெஷ்தா நே' என்றார். என்னைத் திருத்தியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கிரேஇ இகரத்தில் முடிகிறது. ஆனால் அது நா இனம். சீனத்திலிருந்து வந்த இரண்டு எழுத்துகளால் ஆன சொல் அது. கடைசி இகரம் இரண்டாம் எழுத்தின் ஒலிக்குள் அடங்கியது. புகழ்பெற்ற என்னும் பொருளுள்ள யூமேஇயும் அப்படித்தான்.

அப்படியானால் சீன எழுத்துக்கு வெளியே இகரம் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதுமே என்று நினைத்தேன். அதுவும் போதவில்லை. பிடிக்காத என்ற பொருள் தரும் கிராஇயில் இகரம் வெளியே தனியாகத்தான் எழுதப்படுகிறது. ஆனால் அது 'கிராவு' என்ற வினையிலிருந்து பிறந்த சொல்; பெயருக்கு முன் 'கிராஇ நா' என்றே வரும். பார்வைக்குத் தெரியும் எந்த அடையாளமும் முழுதாகக் கைகொடுப்பதில்லை. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

இது விளங்கிய இரவில் எனக்குப் பழைய வகுப்பறை நினைவுக்கு வந்தது. கடைசி வரிசையில் இரண்டு பையன்கள். இருவரும் வாய் திறக்கமாட்டார்கள். இருவர் குறிப்பேட்டிலும் 'அமைதியானவன்' என்று எழுதினேன். ஒருவனுக்கு அது இயல்பு. விளையாட்டுத் திடலிலும் அவன் அப்படியே இருந்தான். மற்றவன் வீட்டில் தினமும் அடி வாங்கியவன். நண்பர்களோடு விட்டால் பாடுவான் என்று அவன் படிப்பை நிறுத்திய பிறகு அவன் தோழன் சொன்னான். நான் அவனைத் திடலில் ஒருநாளும் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை மட்டும் பார்த்து எழுதினேன். இலக்கணம் தெரிந்தவன் செய்திருக்கக் கூடாத தவறு அது. ஆசிரியராக இருப்பவர்கள் அந்தக் குறிப்பை எழுதுமுன் ஒருமுறை திடலுக்குப் போய்வாருங்கள்.

சென்னையில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு எழுதத் தயாராகும் பிள்ளைகள் சிலர் இப்போது என்னிடம் சந்தேகம் கேட்க வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். சொற்பட்டியலில் பெயரடையைத் தனியாக எழுதாதீர்கள். ஒரு பெயர்ச்சொல்லோடு எழுதுங்கள். உங்கள் நோட்டில் 'கிரேஇ' என்று மட்டும் இருந்தால், இன்றே பக்கத்தில் 'நா ஹனா' என்று சேர்த்துவிடுங்கள்.