கூத்தர் நடந்த மலைவழி

திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையில் பணிநேரம் மாறும்போது தொழிலாளர் சாரிசாரியாக நடந்து செல்வர். பிழைப்பின் பொருட்டு நடக்கும் அந்நடையை எவரும் கலை என்று சொல்வதில்லை. ஆனால், தமிழில் நடையைக் கலையாக்கியவர்களும் பிழைப்புக்காக நடந்தவர்களே.

பத்துப்பாட்டின் இறுதி நூலான மலைபடுகடாம் அத்தகையோரின் வழிநடையைப் பாடுகிறது. 583 அடிகள் கொண்ட இந்நூலை இயற்றியவர் பெருங்கௌசிகனார். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் வேறொரு கூத்தர் குழுவுக்கு வழி சொல்கிறான். அக்குழுவினர் முழவும் கொம்பும் குழலும் பைகளிற் கட்டிச் சுமந்து வருகின்றனர். அச்சுமை காய்த்துத் தொங்கும் பலாக்குலை போல் இருக்கிறது. உடன்வரும் விறலியரின், கற்களில் தேய்ந்த சிற்றடிகளுக்கு ஓடி இளைத்த நாயின் நாவை உவமை சொல்கிறார் புலவர். நடையின் வலி அறிந்தவருக்கே தோன்றும் உவமை அது.

வழி சொல்பவனின் அறிவுரைகள் நுட்பமானவை. மலைச்சரிவில் தேனடைகளைக் கண்டாலும் சட்டெனத் திரும்பி நோக்கலாகாது. அடி பிறழ்ந்து வழி மாறிவிடும். கடவுள் உறையும் இடத்தில் இசைக்கருவியைத் தொட்டால் மழை கொட்டும். தொழுதபடி கடந்துவிட வேண்டும். மழை வந்தாலோ கருவிகள் நனையாமல் காக்க வேண்டும். இருட்டினால் கற்குகையே வீடு. கண்ணும் காலும் ஒன்றுபட்டால்தான் உயிர் தங்கும் நிலம் அது. அந்த விழிப்பே கூத்தரின் பயிற்சிக்களம்.

பிறகு செவி திறக்கிறது. புலி பாய்ந்து புண்பட்ட கணவனின் துயர் ஆற்றக் கொடிச்சி பாடும் பாட்டு, ஆழ்ந்த பிளவில் குட்டியைத் தவறவிட்ட மந்தியின் கதறல், தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, இவற்றினூடே அருவி. மலை ஒரு யானை, அதில் எழும் இவ்வோசைகளே அதன் மதநீர் என்று கொண்டதால் நூலுக்கு இப்பெயர் வாய்த்தது. இருந்த இடத்திலிருந்தே எண்ணி இப்பெயரைச் சூட்டியிருக்க முடியாது. இசைக்கலைஞரின் செவியோடு மலையைக் கடந்தவருக்கே அது கிட்டும்.

1967இல் ரிச்சர்ட் லாங் என்னும் ஆங்கிலேயர், இலண்டனில் கலை மாணவராக இருந்தபோது, புல்வெளி ஒன்றில் ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாக நடந்தார். மிதிபட்ட புல் கோடாகத் தெரிந்தது. அதனை ஒளிப்படமெடுத்துக் கலைப்படைப்பாக முன்வைத்தார். நடையே கலை என்று உலகக் கலையரங்கு பேசத் தொடங்கியதில் அக்கோட்டுக்குப் பெரும்பங்குண்டு.

மலைபடுகடாமிலும் அத்தகைய புல் உண்டு. காட்டுவழியில், மாண்ட வீரரின் பெயரொடு நட்ட கற்கள் நிற்கின்றன. அவர்கள் விரும்பும்படி யாழிசைத்துவிட்டு விரைந்து செல்ல வேண்டும் என்கிறான் கூத்தன். வழிகள் பிரியும் சந்திகளில் மட்டும் சற்றே நின்று, தரையைத் துடைத்துப் புல்லை முடிந்துவைக்கச் சொல்கிறான். பின்னால் வருவோர் நிலமறியாப் புதியவர்; அவர்களுக்கு அந்த முடிச்சு வேண்டும்.