மக்கு

தலைப்பைப் பார்த்ததும் இவன் தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறான் என்று நினைத்த வகுப்புத் தோழர்களுக்கு: பாதி சரி. ஜன்னல் கண்ணாடி சட்டத்தில் ஆடாமல் நிற்பதற்காக ஓரத்தில் களிமண் மாதிரி ஒன்றைப் பூசுவார்களே, அதற்கும் மக்கு என்றுதான் பெயர். இந்தக் கட்டுரை அந்த மக்கைப் பற்றியது. மீதிப் பாதி நான்தான்.

எங்கள் வீடு திருச்சி உறையூரில் இருக்கிறது. தாத்தா கட்டிய வீடு. ஜன்னல்களுக்கு உள்பக்கம் கம்பி, வெளிப்பக்கம் திறக்கிற மரக்கதவு, ஒவ்வொரு கதவிலும் மூன்று கண்ணாடி. ஆடி மாதம் வந்தால் எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கரூர் தாண்டி நேராக எங்கள் மொட்டை மாடித் துணியைத் தேடித்தான் வரும். அம்மியே பறக்கும் என்கிற மாதத்தில் ஜன்னல் கதவு எம்மாத்திரம்? அதனால் கதவைத் திறந்ததும் கொக்கியை மாட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா வேலைக்குக் கிளம்பும்போது தினமும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

அன்றும் சொன்னார். நானும் "ம்ம்" என்றேன். பிறகு போனைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டு, கட்டிலில் விழுந்து தூங்கிவிட்டேன்.

மூன்று மணி இருக்கும். படார் என்று ஒரு சத்தம், பின்னாலேயே சலசலவென்று இன்னொரு சத்தம். எழுந்து பார்த்தால் கதவு வெளிச்சுவரில் மோதி நடுக் கண்ணாடி காலி. கொக்கி சும்மா தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். கண்ணாடி முழுக்கச் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன் நடுவே ஒரு பச்சை நிற டென்னிஸ் பந்து.

பந்து எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணாடியை அது உடைக்கவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அம்மா சாயங்காலம் வந்தார். கண்ணாடியைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. "இந்தப் பயலுக்கு எத்தனை தடவை சொல்றது" என்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவன் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவன் பேட்டிங்கில் ஏற்கெனவே எங்கள் வீட்டு டியூப்லைட் ஒன்று போயிருக்கிறது. ஆகவே விசாரணையே நடக்கவில்லை, நேராகத் தீர்ப்புதான்.

"நான் உடைக்கல அத்தை... சத்தியமா இல்ல அத்தை" என்று அவன் சொன்னது என் அறைக்குக் கேட்டது. அப்புறம் அவன் அம்மா அவனை அடித்ததும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த அக்கா வந்து இருநூறு ரூபாயை நீட்டினார். அம்மா ஒரு தடவை வேண்டாம் என்றார். இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். பந்து எங்கள் வீட்டு பிரிட்ஜ் மேல் போய் உட்கார்ந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? காதில் இயர்போன் மாட்டியிருந்தேன். பாட்டு ஓடவில்லை.

மறுநாள் அப்பா தச்சரைக் கூப்பிட்டார். ஒரு கண்ணாடிக்காக அவ்வளவு தூரம் வர முடியாது என்று சொல்லிவிட்டார். "மெக்கானிக்கல் தானே படிக்கிற, நீயே மாட்டு" என்று அப்பா என்னிடம் தள்ளிவிட்டார். மூன்று வருடமாக இந்த ஒரு வசனத்துக்காகவே எங்கள் வீட்டில் மிக்ஸி, மோட்டார், குக்கர் வெயிட் எல்லாம் என் தலையில்தான்.

சரி, வேலைக்கு வருவோம். நாளைக்கு உங்களுக்கும் உதவும்.

முதலில் உடைந்த துண்டுகளை எடுக்க வேண்டும். கையில் தடித்த உறை, காலில் செருப்பு. துண்டுகளை மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும். கீழ்த் துண்டை முதலில் பிடுங்கினால் மேலே தொங்குவது கையில் விழும். அடுத்து பழைய மக்கு. இது சாக் பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து செய்வது. கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். பிசையும்போது சப்பாத்தி மாவு மாதிரி இருக்கும். சில வருடங்களில் கல்லாகிவிடும். இது தண்ணீர் வற்றிக் காய்கிற மாதிரி இல்லை. எண்ணெய் காற்றில் இருக்கிற ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. தாத்தா காலத்து மக்கை உளியால் கொத்தி எடுக்க எனக்கு ஒரு முழுக் காலை ஆனது.

பிறகு அளவு. மரச்சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளத்துக்குக் காடி என்று பெயர். காடிக்குக் காடி டேப் வைத்து அளந்தேன். 16¾ இஞ்ச், 12 இஞ்ச். அதே அளவைக் கடையில் கொடுத்து வாங்கி வந்தேன். கண்ணாடி உள்ளே போகவில்லை. ஒரு மூலை இடித்தது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு. அவ்வளவுதான், 90 ரூபாய் போச்சு.

மரக்காடி எந்தக் காலத்திலும் நேராக இருக்காது. அகலத்தை மூன்று இடத்தில், உயரத்தை மூன்று இடத்தில் அளந்து, இருப்பதிலேயே சின்ன அளவை எடுத்து, அதிலும் எட்டில் ஒரு பங்கு இஞ்ச் கழிக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஊதும், அதற்கும் இடம் விட வேண்டும். இதெல்லாம் கடைக்காரர் அப்புறம் சொன்னது. "மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி" என்றார். மக்கு என்பதற்கு இரண்டாவது அர்த்தம் இங்கே வருகிறது.

இரண்டாவது தடவை கடைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான்கு நாளாக அவன் எங்கள் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. முதல் தடவை பஸ்ஸில் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்திருந்தேன். பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

"டேய், கடைக்கு வரியா? கண்ணாடியப் பிடிச்சுக்கணும்."

ஒரு நிமிடம் யோசித்தான். ஸ்கூட்டர் ஆசை ஜெயித்தது. ஏறிக்கொண்டான்.

அந்தக் கடையில் நின்று வேடிக்கை பார்ப்பதற்கே ஒரு நாள் லீவு போடலாம். சுவரெல்லாம் சாய்த்து வைத்த கண்ணாடிகள். எங்கள் ஜன்னலில் இருப்பது பின்ஹெட் கண்ணாடி. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் குண்டூசித் தலை மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். உருகிய கண்ணாடியை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு எடுக்கிறார்கள். ஒரு உருளையில் செதுக்கியிருக்கும் புள்ளி கண்ணாடியில் பதிந்துவிடுகிறது. வெளிச்சம் வரும், உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. பக்கத்தில் இருந்த பளிங்கு மாதிரிக் கண்ணாடி வேறு ஜாதி, ஃப்ளோட் கண்ணாடி. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுச் செய்வது. இங்கிலாந்தில் அலாஸ்டர் பில்கிங்டன் குழுவினர் பல வருடம் போராடி 1959-ல் உலகத்துக்கு அறிவித்த முறை. நம்ம ஸ்ரீபெரும்புதூரிலும் 2000-ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் ஆலை இந்த முறையில் கண்ணாடி செய்கிறது.

கடைக்காரர் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோல் ஓரமாக வழவழப்பான பக்கத்தில் ஒரே இழுப்பு இழுத்தார். 'க்ரீச்'. மறுபடி அதே கோட்டில் இழுக்கவே இல்லை. கோட்டை மேஜை விளிம்புக்குக் கொண்டுவந்து ஒரு தட்டு. பப்படம் மாதிரி இரண்டாகிவிட்டது.

"அண்ணே, பாதிகூட அறுக்கலையே, எப்படி ரெண்டாச்சு?" என்று பையன் என்னிடம் கேட்டான்.

இந்த செமஸ்டரில் எனக்குப் புரிந்த ஒரே பாடம் அது. சொன்னேன். கண்ணாடியை யாரும் அறுப்பதில்லை. மேலே ஒரு சின்னக் கீறல் மட்டும் போடுகிறார்கள். வளைக்கும்போது மொத்த இழுவிசையும் அந்தக் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது. மிச்ச வேலையை விரிசலே பார்த்துக்கொள்கிறது. கிரிஃபித் என்கிற ஆங்கிலேயப் பொறியாளர் 1921-ல் வெளியான ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். கணக்குப்படி கண்ணாடி எவ்வளவு பலமாக இருக்க வேண்டுமோ, நிஜத்தில் அதில் ஒரு சின்னப் பங்குதான் இருக்கிறது. காரணம், அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். ஒரு கீறல் ஒரு அளவைத் தாண்டிவிட்டால் அது தானாகவே ஓட ஆரம்பித்துவிடும், அப்புறம் நிறுத்த முடியாது.

"அப்போ நம்ம வீட்டுக் கண்ணாடி..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவன் நிறுத்தியது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

4 மில்லிமீட்டர் கண்ணாடி, எடை ஒன்றேகால் கிலோ இருக்கும். பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். பையன் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் "மெதுவாண்ணே, மெதுவாண்ணே" என்றான். இது உடைந்தால் அதற்கும் தன்னைத்தான் சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பாதி வழியில் கேட்டேன். "அன்னைக்கு நீ விளையாடினியாடா?"

"இல்லண்ணே. அன்னைக்கு ஸ்கூல் விட்டு வரவே நாலரை. அந்தப் பந்து ரெண்டு நாளைக்கு முன்னாடியே தொலைஞ்சு போச்சு."

"இதை ஏன்டா நீ சொல்லல?"

"சொன்னேனே. யாரு நம்புனா?"

எனக்கு வண்டி ஓட்டவே முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். கொக்கி மாட்டாததைச் சொன்னேன். தூங்கியதைச் சொன்னேன். இயர்போனைச் சொல்லவில்லை, இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். திட்டுவான், அழுவான், கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டு நடந்தே போய்விடுவான் என்றெல்லாம் நினைத்தேன். அவன் பேப்பர் சுற்றிய கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ என் பந்தத் திருப்பிக் குடுப்பாங்களா?" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தால், அம்மா பேசவே இல்லை. உள்ளே போய் இருநூறு ரூபாயையும் பந்தையும் எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். "நீயே போய்க் குடு. நீயே சொல்லு. நான் அப்புறம் வர்றேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால், தன் மேல்தான் அவருக்குக் கோபம் என்று தோன்றியது.

வைவாவில்கூட எனக்கு அப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை. அந்த அக்கா நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். பணத்தை வாங்கிக்கொண்டார். "பரவால்ல தம்பி" என்றார். நான் திரும்பியபோது மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு ராத்திரி அவன் சாப்பிடாமயே படுத்துட்டான்."

இதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அன்று சாயங்காலம் நானும் பையனுமாகக் கண்ணாடியை மாட்டினோம். முதலில் காடியில் மெல்லிசாக மக்கு பூசினோம். அதன்மேல் கண்ணாடியை, வழவழப்பான பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி வைத்தோம். புள்ளிப் பக்கம் வெளியே இருந்தால் அதில் தூசி அடைந்துவிடும். பிறகு நான்கு பக்கமும் சின்ன ஆணி. சுத்தியலைக் கண்ணாடியில் படாமல் அதை ஒட்டியே சறுக்கி அடிக்க வேண்டும். கடைசியில் மேலே சாய்வாக மக்கு வைத்துப் பட்டைக் கத்தியால் இழுக்க வேண்டும், மழைத்தண்ணீர் தேங்காமல் வழிய வேண்டுமே. மக்கை உருட்டி உருட்டிக் கொடுத்தது பையன். அவனுக்கு அது களிமண் விளையாட்டு. கீழ் மூலையில் கட்டைவிரலை நன்றாக அழுத்தி ஒரு அச்சு வைத்தான். "டேய்" என்றேன். சிரித்தான். கத்தியால் வழித்துவிடலாம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மக்கு மேலே ஆடை கட்டி இறுக இரண்டு வாரம் ஆகும், அதற்கு அப்புறம்தான் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார் கடைக்காரர். அப்படியே செய்தேன். பச்சை பெயின்ட்டுக்கு அடியிலும் அந்த விரல் அச்சு தெரிகிறது.

பையன் இப்போது மறுபடியும் எங்கள் வாசலில்தான் விளையாடுகிறான். ஏதாவது உடைகிற சத்தம் கேட்டால் அம்மா முதலில் என் அறைக்குத்தான் வந்து பார்க்கிறார். நியாயம்தானே? :-)

கடைசியாக, அளவில் எட்டில் ஒரு பங்கு இஞ்ச் கழிக்க மறக்காதீர்கள். காற்றுக் காலத்தில் கொக்கியை மாட்டுங்கள். மாட்ட மறந்துவிட்டால், மறந்துவிட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான்கு நாள் கழித்துச் சொன்னவனுடைய அனுபவம் இது.