முரசுக் கட்டிலும் படைத்துறை இசையும்

போருக்கும் இசைக்கும் என்ன உறவு என வினவுவோர் உளர். புறநானூற்றைப் பயின்றார்க்கு அவ்வையம் எழாது. துடியும் தண்ணுமையும் முரசும் முழங்காத களம் சங்கப் பாடல்களில் அரிது. அரச முரசுக்கெனத் தனிக் கட்டிலே இருந்தது. முரசு நீராடச் சென்றிருந்த வேளையில், அக்கட்டிலில் அறியாது துயின்றார் புலவர் மோசிகீரனார். அவரை வாளால் எறியாது, அருகே நின்று விசிறினான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. இந்நிகழ்ச்சியில் புலவர் பெற்ற மதிப்பையே பலரும் வியப்பர். முரசு பெற்றிருந்த மதிப்பும் எண்ணத்தக்கதன்றோ? ஓர் இசைக்கருவிக்கு மலர் பரப்பிய மஞ்சம் அமைத்த நாடு இது.

கருவியை இவ்வாறு போற்றிய நாட்டில் கருவி இசைப்போன் இன்று எந்நிலையில் உள்ளான்? செம்பரம்பாக்கத்தில் வாழும் எமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. ஏரியைச் சூழ்ந்த ஊர்களில் மணவிழாவாயினும் இறுதி ஊர்வலமாயினும் ‘பேண்டு செட்’ இன்றி நடைபெறுவது குறைவு. அத்தகைய குழுவொன்றில் டிரம்பெட் ஊதும் ஒருவரின் மகன் எம் மாணவன். தந்தையின் தோழர்களிடம் செவிவழியே கிளாரினெட் கற்றவன். இளங்கலை பயிலும்போதே விமானப்படையின் இசைக்குழுவில் சேர விழைந்தான். ஆவடியில் விமானப்படை நிலையம் இருப்பதால், சீருடை அணிந்தோரைக் கண்டு வளர்ந்த பிள்ளை அவன்.

தந்தை எம்மைக் காணக் கல்லூரிக்கு வந்தார். “பேண்டு வாசிக்கவா ஐயா இவனைக் காலேஜுக்கு அனுப்பினேன்? கல்யாண வாசல்ல மூணு மணி நேரம் ஊதுவோம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எங்களுக்கு இலை போடுவாங்க. அது என்னோட போகட்டும்” என்றார். இசையை வெறுத்து அவர் பேசவில்லை. இசைத்தவனுக்குக் கிடைத்த இடத்தை எண்ணியே பேசினார்.

எம் குடும்பத்திலும் இசையைத் தொழிலாகக் கொள்வதை விரும்பாத பெரியோர் உண்டு. நாகூர் தர்காவின் நகரா முழக்கம் கேட்டு நெகிழ்வோரும் உண்டு. ஆகவே அத்தந்தையின் தயக்கம் எமக்குப் புதிதன்று. யாம் அறிந்தவற்றை அவரிடம் எடுத்துரைத்தோம்.

ஐரோப்பியப் படை பேண்டுகளில் ஒலிக்கும் பெரிய டிரம்மும் தாளத்தட்டும் 18ஆம் நூற்றாண்டில் துருக்கிய உதுமானியரின் ‘மெஹ்தர்’ எனும் படை இசைக்குழுவிடமிருந்து பெறப்பட்டவை. விடுதலைக்குப் பின் நம் தரைப்படை இசைஞர்க்கெனத் தளபதி கரியப்பாவின் முயற்சியால் 1950இல் மத்தியப் பிரதேசத்துப் பச்மடியில் இசைப்பள்ளி அமைந்தது. எளிய பேண்டு வீரனாய்ச் சேர்ந்தவன் அங்கே படிப்படியாகப் பயின்று பேண்டு மாஸ்டராகலாம். கடற்படை இசைஞர் பயிலும் பள்ளி மும்பையில் ஐ.என்.எஸ். குஞ்ஞாலி எனும் தளத்தில் உள்ளது. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாய் நின்று போர்ச்சுகீசியரை எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயர்களின் பெயர் அது.

இந்திய தேசிய இராணுவத்தின் கேப்டன் ராம்சிங் தாக்கூரி (1914–2002) கூர்க்காப் படையில் சிறுவனாய்ச் சேர்ந்தவர். மலேயாவில் சப்பானியரிடம் சிறைப்பட்டுப் பின் நேதாஜியின் படையில் இணைந்தார். அவர் இசையமைத்த ‘கதம் கதம் படாயே ஜா’ எனும் நடைப்பாட்டுக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ் இளைஞரும் அடியெடுத்து வைத்தனர். இன்றும் நம் படைகள் அதனை இசைக்கின்றன. ஆண்டுதோறும் சனவரி 29ஆம் நாள் மாலை தில்லி விஜய் சௌக்கில் முப்படை இசைக்குழுக்களும் அணிவகுக்கும்போது, நாட்டுத் தலைவர்கள் அமர்ந்து கேட்கின்றனர். போர்க்காலத்தில் காயமுற்றோரைச் சுமந்து சென்று முதலுதவி செய்வதும் பேண்டு வீரரின் மரபான கடமை. வாசலில் காத்து நிற்போன் அல்லன் அவன். பிற வீரரோடு ஒரே வரிசையில் நிற்போன்.

இனிய பக்கத்தை மட்டும் கூறுதல் ஆசிரியர்க்கு அழகன்று. 2022 முதல் நடைமுறையிலுள்ள அக்னிபத் திட்டத்தின்படி பணி நான்கு ஆண்டுகளே. அதன்பின் நூற்றுக்கு இருபத்தைவர் வரையே நிலைபெறுவர். அப்போது பதினேழரை வயது முதல் இருபத்தொரு வயது வரையுள்ள மணமாகாதோர்க்கே வாய்ப்பு இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆயினும் ஆண்கள் 1.6 கி.மீ. தொலைவை 7 நிமிடத்தில் ஓடிக் கடத்தல் வேண்டும். இவற்றையும் மறையாது கூறினோம். தந்தை நெடுநேரம் பேசாதிருந்தார். “நாலு வருஷம்னாலும் உட்கார்ந்து சாப்பிடுவான்” என்று கூறி விடைபெற்றார்.

2024இல் பெங்களூரில் நடைபெற்ற தேர்வுக்கு அம்மாணவன் சென்றான். ஓட்டத்தில் வென்றான், கேட்ட சுரத்தைப் பிழையின்றி ஊதினான். எழுதிய சுரத்தாளை முன்வைத்தபோது தடுமாறித் திரும்பினான். மேலைச் சுரக்குறியீடு மட்டுமன்றிக் கருநாடக இசைக் குறியீட்டையும் அத்தேர்வில் ஏற்கின்றனர். அவனுக்கோ இரண்டும் பழக்கமில்லை. செவியறிவால் அத்தனை பாட்டும் இசைக்கும் பிள்ளையை ஒரு தாள் திருப்பி அனுப்பிவிட்டது! வயது வரம்பு கடக்குமுன் மீண்டும் முயலும் உறுதியோடு, பூந்தமல்லியில் தேவாலய இசைக்குழுவுக்குப் பயிற்றும் ஆசிரியர் ஒருவரிடம் சுரக்குறியீடு கற்கத் தொடங்கினான். கட்டணத்தை மாதந்தோறும் தந்தையே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அன்பு மாணவர்களே! எழுத்தறிவு என்பது மொழிக்கு மட்டும் உரியதன்று, இசைக்கும் உண்டு. நம் ஊர்ப் பேண்டுக் குழுக்களில் செவியறிவு நிறைந்துள்ளது. எழுத்தறிவைச் சேர்ப்பதே நம் பணி. கல்லூரிகள் மாலைவேளையில் ஒரு சுரக்குறியீட்டு வகுப்பைத் தொடங்கினால், ஏரிக்கரை ஊர்களின் பிள்ளைகள் பலர்க்கு வழி திறக்கும். அதுவரை நம்மால் இயன்றது ஒன்றுண்டு. நம் இல்லத் திருமணங்களில் இசைத்தவர்க்கு முதற் பந்தியிலேயே இலை இடுவோம். முரசுக்குக் கட்டில் அமைத்தோரின் வழிவந்தோர்க்கு அது பெருஞ்செயல் அன்று, கடமை.