வலைக் கோலும் இரண்டு சீருடைகளும்

அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்துப் பால்டிமோர் நகருக்கு ஏப்ரல் மாதத்தில் போனீர்களானால், ஒரு சாயங்காலம் ஏதாவது ஓர் உயர்நிலைப் பள்ளி மைதானத்தை எட்டிப் பாருங்கள். கையில் நீண்ட கோல், கோலின் நுனியில் சின்ன வலை, கண்களுக்குக் கவசம். பக்கத்துக்குப் பன்னிரண்டு பெண்களாக மான்குட்டிகள் போல ஓடிக்கொண்டிருப்பார்கள்.

"பட்டாம்பூச்சி பிடிக்கிறார்களா?" என்று நான் கேட்டபோது, என்னை அழைத்துப் போயிருந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் தங்கை பெண்ணுக்கு அடுத்த வீட்டுக்காரி அவள். அவளுடைய பெண்ணும் அந்தக் கூட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். பத்தாவது வகுப்பு.

ஆட்டத்தின் பெயர் லாக்ராஸ். கெட்டி ரப்பர் பந்தை வலையில் ஏந்தி, அது விழுந்துவிடாமல் கோலை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே ஓட வேண்டும். இதற்குத் தொட்டில் ஆட்டுவது என்றே அவர்கள் பாஷையில் பெயர்! வட அமெரிக்காவின் ஆதிக்குடி மக்கள் தெய்வத்துக்கு உகந்ததென்று ஆடிவந்த ஆட்டம் இது. கடல் கடந்து ஸ்காட்லாந்துக்குப் போய், 1890ல் அங்கே செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளிப் பெண்கள் கையில் ஏறியது. அந்தப் பள்ளியில் படித்த ரோஸபெல் சின்க்ளேர் என்ற ஆசிரியை 1926ல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளியில் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். இன்று அந்த ஊரில் இது வீட்டுக்கு வீடு பேச்சு. மக்டோனா என்ற பள்ளியின் பெண்கள் 2009லிருந்து 2018 வரை 198 ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெருமை பள்ளிக்கு இருக்க, அடுத்த வீட்டு அம்மாளின் முகத்தில் மட்டும் கவலை. "இவளைப் பள்ளி ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன். காலில் அடிபட்டால் ஜூன் மாதம் போயிற்று" என்றாள்.

ஜூன் மாதத்தில் அப்படி என்ன? கேளுங்கள்.

கல்லூரிகள் தங்கள் கோஷ்டிக்குப் பெண்களைத் தேடி எடுக்கின்றன. ஆனால் பள்ளிகள் ஆடும் அதே வசந்த காலத்தில்தான் கல்லூரிகளுக்கும் பந்தயம். அந்தப் பயிற்சியாளர்களுக்குத் தங்கள் கோஷ்டியைக் கட்டி மேய்க்கவே பொழுது போதாது. பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்ப்பது எப்படி? கோடையில்தான் அவர்களுக்கு ஓய்வு. கோடையில் ஆடுவது பள்ளி அல்ல, கிளப். பரீட்சை வைத்துப் பொறுக்கியெடுத்த பெண்களை ஊர் ஊராக அழைத்துப் போய்ப் பந்தயம் ஆட வைப்பது கிளப்பின் வேலை. சந்தா, சீருடை, ரயில், ஹோட்டல் என்று வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் பெற்றோர் தலையில் விழும்.

ஜூன் மாதத்தில் அந்த வைபவத்தையும் பார்த்தேன். அடுத்தடுத்துப் பல மைதானங்கள், ஒரே சமயத்தில் பல ஆட்டங்கள். ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டுக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் பட்டியல், அதில் பெண்ணின் எண், வகுப்பு, பள்ளி. நமக்குப் பழக்கமான பெண் பார்க்கும் படலம்தான்! பஜ்ஜி, சொஜ்ஜி மட்டும் இல்லை. ஒரு பெண் பந்தைத் தவறவிட்டால் அவளைப் பெற்றவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஒரு காலத்தில் எட்டாவது படிக்கும் குழந்தையிடமே கல்லூரிகள் வாய்ச்சொல் வாங்கிக்கொண்டிருந்தன. 2017ல் விதி வந்தது: முதல் வரிசைக் கல்லூரிகள் பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் ஒரு பெண்ணோடு இது பற்றிப் பேசவே கூடாது. அன்று வீட்டுக்கு வீடு டெலிபோன் மீதுதான் கண்!

பணம் கொட்டுமோ என்று நினைக்காதீர்கள். 2025 வரை ஒரு கல்லூரி இந்த ஆட்டத்துக்காகப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 12 முழு உபகாரச் சம்பளம். அதை முப்பது பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு? அந்த வரம்பு பிறகு மாறியது. ஆனால் பிரின்ஸ்டன், யேல் போன்ற புராதனக் கல்லூரிகளும், மூன்றாம் வரிசைக் கல்லூரிகளும் ஆட்டத்துக்கென்று காசு கொடுப்பதே இல்லை. கிளப்புக்குக் கட்டிய பணம் வட்டியோடு திரும்பும் என்று நம்புகிறவர்கள் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இப்போது அந்த ஏப்ரல் சாயங்காலத்துக்கு வருவோம். ஆட்டம் முடிகிற தறுவாயில் ஒன்பதாவது படிக்கும் ஒரு சின்னப் பெண் பந்தைக் கோட்டைவிட்டாள். பள்ளி தோற்றது. அடுத்த வீட்டுப் பெண் தோழிகளோடு போகவில்லை. அந்தச் சிறுமியை நிறுத்திவைத்து, இருட்டும் வரை பந்தை வீசி வீசிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

வரும் வழியில் தாய் மறுபடி பேச்சை எடுத்தாள். பெண் சொன்னாள்: "கிளப்பில் எல்லோரும் நன்றாக ஆடுகிறவர்கள், அம்மா. அங்கே நான் என் ஆட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இங்கே நான் நின்றுவிட்டால் அந்தக் குட்டிக்கு யார் சொல்லிக்கொடுப்பது?" தாய் வாயைத் திறக்கவில்லை. பெண் மே மாதம் வரை ஆடினாள். தெய்வாதீனமாகக் காலுக்கு ஒன்றும் வரவில்லை.

நான் ஊர் திரும்பிய பின் செப்டம்பரில் தங்கை பெண் டெலிபோனில் சொன்னாள்: அவர்கள் ஆசைப்பட்ட பெரிய கல்லூரி கூப்பிடவில்லை, சற்றுச் சிறிய கல்லூரி ஒன்று கூப்பிட்டதாம். அந்தப் பயிற்சியாளர் அவளை முதலில் கண்டது கிளப் ஆட்டத்தில்தான். ஆனால் வாக்குக் கொடுப்பதற்கு முன் பள்ளி ஆசிரியையைக் கூப்பிட்டு, "தோற்ற நாளில் இந்தப் பெண் எப்படி நடந்துகொள்வாள்?" என்று கேட்டாராம்.

ஆசிரியை என்ன பதில் சொல்லியிருப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணைப் பலர் கண்ணில் படவைக்கக் கிளப் வேண்டியதுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவளைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல ஒருவர் வேண்டாமா? அந்த மனுஷர் பள்ளி மைதானத்தில் இருக்கிறார். அவசரப்பட்டுப் பெண்ணை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.