கண் சிமிட்டும் மஞ்சள் விளக்கு!

உங்கள் கார் டாஷ்போர்டில் ஒரு சின்னப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கார், அதன் கீழே பாம்பு நெளிந்த மாதிரி இரண்டு கோடுகள். ஸ்டார்ட் செய்யும்போது சில நொடி எரிந்து அணைந்துவிடும். அது என்னவென்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் அந்த ஒரு விளக்குக்காக மூன்று மாதம் சண்டை நடந்தது.

காரணம், என் தம்பி வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஃபோர்டு மஸ்டாங். 5 லிட்டர் வி8 இன்ஜின், சுமார் 400 குதிரைத்திறன். நான் தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப்போகும் ஆல்ட்டோ 800-க்கு 50 குதிரைகூடக் கிடையாது. எட்டு ஆல்ட்டோவை ஒன்றாகக் கட்டிவைத்த பலம், அத்தனையும் பின்பக்க இரண்டு டயர் வழியாகத்தான் தரைக்கு இறங்க வேண்டும். சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. வளைவில் திரும்பும்போது பெரும்பகுதி அதற்கே செலவாகிவிடும். மிச்சத்தில்தான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க முடியும். ஆல்ட்டோவில் எவ்வளவு மிதித்தாலும் கையிருப்பைத் தாண்டுவது சிரமம். மஸ்டாங்கில் கட்டைவிரலை அழுத்தினாலே கடன் ஏறிவிடும். பின் டயர் பிடி விட்டுச் சுழலும், வண்டியின் பின்பாதி முன்பாதியை முந்தப் பார்க்கும்.

அதைத் தடுக்கத்தான் டிராக்‌ஷன் கன்ட்ரோல். நான்கு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. ஏபிஎஸ் பிரேக்குக்காக வைத்தவைதான். இன்ஜின் தள்ளும் பின்சக்கரம், சும்மா உருளும் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றினால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். நீங்கள் மிதித்துக்கொண்டே இருந்தாலும் இன்ஜின் பலத்தைக் குறைக்கும், தேவைப்பட்டால் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். மஞ்சள் விளக்கு சிமிட்டுவது அப்போதுதான். பாஷ் நிறுவனம் 1978-ல் ஏபிஎஸ்ஸையும், 1986-ல் இதையும், 1995-ல் வண்டி பக்கவாட்டில் திரும்பிப் போவதைத் தடுக்கும் இஎஸ்பியையும் கொண்டுவந்தது.

என் மகளுக்கு 20 வயது, இன்ஜினீயரிங் படிக்கிறாள். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மாமாவோடு சேர்ந்து தானும் ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஹெல்மெட், பயிற்சியாளர், எல்லாவற்றுக்கும் நான் சரி என்றேன். கூடப் படிக்கும் பையன்கள்தான் கொளுத்திப் போட்டார்கள். "டிராக்‌ஷன் கன்ட்ரோலைப் போட்டுக்கிட்டு ஓட்டுனா, அது கம்ப்யூட்டர் ஓட்டுறது. நீ ஓட்டுறதா ஆகுமா?"

அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பெண் பிள்ளை ஓட்டினால் பையன்களை ஓட்டுவதைவிட இரண்டு மடங்கு உற்றுப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். முதல் நாளே பட்டனை அணைத்துவிடுவேன் என்று நின்றாள். என் தம்பியும் அவள் பக்கம். "அக்கா, சர்க்யூட்ல அது இடைஞ்சல்தான்" என்றான்.

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. டயர் லேசாகச் சறுக்கும்போதுதான் அதிகப் பிடி கொடுக்கும். மழையில் நனைந்த ரோட்டை மனதில் வைத்துச் செய்த சாதாரண செட்டிங், அந்த லேசான சறுக்கலையும் பொறுக்காது. வளைவு முடிந்து வேகமெடுக்கிற இடத்தில் இன்ஜினை மூச்சு அடைக்க வைத்துவிடும். ஆட்டோகிராஸில் இன்னும் மோசம். காலி மைதானத்தில் கூம்புகளை வைத்து, முதல் இரண்டு கியரிலேயே வளைந்து வளைந்து ஓட்டும் போட்டி அது. திரும்பின இடமெல்லாம் பலம் குறைந்தால் நேரம் எகிறிவிடும். மண் தரையென்றால் கேட்கவே வேண்டாம். நீண்ட நேரம் சர்க்யூட்டில் ஓட்டினால், சறுக்கும் சக்கரத்தை அடிக்கடி பிடித்துப் பிடித்து பின் பிரேக் சூடாகிவிடும் என்பதும் நிஜம்.

ஆனால், அவன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இதை வெட்கப்பட வேண்டிய விஷயமாகப் பெரிய ஓட்டுநர்கள் நினைப்பதில்லை. ஃபார்முலா 1-ல் 2001-லிருந்து 2007 வரை டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு அனுமதி இருந்தது. 2008-ல் தடை செய்தார்கள். எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டன் அணிக்கு ஓட்டியது அனுமதி இருந்த காலத்தில், 2011-ல் மறுபடி வந்து ஓட்டியது தடை வந்த பிறகு. இன்றைக்கும் ஜிடி3 ரேஸ் கார்களில் இதைக் கூட்டிக் குறைக்க ஸ்டியரிங்கிலேயே திருகு இருக்கிறது. தொழிலாக ஓட்டுகிறவர்களே மழைக்கு ஓர் அளவு, தேய்ந்த டயருக்கு ஓர் அளவு என்று மாற்றிக்கொள்கிறார்கள்.

வீட்டில் தீர்ப்புச் சொன்னது என் அப்பா. 30 வருடம் லாரி ஓட்டியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கண்ணு, அந்த விளக்கு எப்ப எரியும்?" என்று பேத்தியிடம் கேட்டார்.

"நான் அதிகமா மிதிச்சா எரியும் அப்புச்சி."

"அப்ப அது உன் தப்பைக் காட்டுது. வாத்தியாரை வெளிய அனுப்பிட்டா, பரீட்சையில பாஸ் ஆயிருவியா?"

அவ்வளவுதான், பட்டன் அணைக்கப்படவில்லை. பயிற்சியாளரும் அதையே சொன்னார். ஒரு சுற்றில் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணு, அதைக் குறை, வேகம் தானாக வரும். முதல் நாள் ஒரு சுற்றுக்கு ஒன்பது முறை சிமிட்டியது. வளைவு முடிவதற்கு முன்பே மிதித்தது, ஸ்டியரிங்கை நேராக்காமல் மிதித்தது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்தது. நான்காவது முறை போனபோது இரண்டாகக் குறைந்தது. சுற்று நேரமும் குறைந்தது. அதன் பிறகுதான், கொஞ்சம் சறுக்க விடும் மோடுக்கு மாற்றினார்கள்.

அன்று இன்னொருவர் பெரிய கார் கொண்டுவந்திருந்தார். முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். டயர் இன்னும் சூடேறவில்லை. குளிர்ந்த டயருக்குப் பிடி குறைவு. இரண்டாவது வளைவிலேயே வண்டி ஒரு வட்டம் அடித்து மண்ணுக்குள் போய் நின்றது. நல்லவேளை, அவருக்கு ஒரு கீறலும் இல்லை. இறங்கி வந்தவரின் கை நடுங்கியதை என் மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வரும்போது தம்பி, "இப்ப அணைச்சுப் பார்க்கலாமா?" என்றான். "ரெண்டு தடவை இன்னும் சிமிட்டுது மாமா. அது நின்னப்புறம் பார்க்கலாம்" என்றாள். பையன்கள் என்ன சொல்வார்கள் என்ற பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வரவில்லை.

இதில் உங்களுக்கும் எனக்கும் என்ன என்கிறீர்களா? இப்போது வரும் பல சாதாரணக் கார்களிலும் இந்த விளக்கு இருக்கிறது. மூன்று விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒன்று, பொது ரோட்டில் இதை அணைக்கவே வேண்டாம். சேற்றிலோ மணலிலோ சக்கரம் மாட்டிக்கொண்டு, வண்டி நகர மறுத்தால் மட்டும் அணைக்கலாம். வெளியே வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

இரண்டு, இது கவனிப்பது ஆக்ஸிலரேட்டரை மட்டும்தான். அளவுக்கு மீறிய வேகத்தில் வளைவுக்குள் நுழைந்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டராலும் டயரின் சம்பளத்தை உயர்த்த முடியாது.

மூன்று, மழையில் அந்த மஞ்சள் விளக்கு சிமிட்டினால் பயப்படாதீர்கள். சட்டென்று பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். ஸ்டியரிங்கைப் போக வேண்டிய பக்கமே நிதானமாகப் பிடியுங்கள். சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தால், அது அணைந்திருக்கிறது அல்லது பழுதாகியிருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.