முதலில் பிணம், பிறகு பாலமா?

எங்கள் சேரி ஒருபுறம். பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் மறுபுறம். நடுவே நான்குவழித் தேசிய நெடுஞ்சாலை. நடைமேம்பாலம் கேட்டு மனு கொடுத்தோம். "இது கரும்புள்ளி இல்லையே" என்றார் பொறியாளர்.

ஏறக்குறைய 500 மீட்டருக்குள் 3 ஆண்டுகளில் 10 பேர் சாக வேண்டும். அல்லது உயிரிழப்போ படுகாயமோ நேர்ந்த 5 விபத்துகள் நடக்க வேண்டும். அப்போதுதான் கரும்புள்ளி. 2022இல் இந்தியச் சாலைகளில் செத்த பாதசாரிகள் 32,825 பேர்.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாவுக்குக் காத்திருக்கவில்லை; மயிரிழையில் தப்பிய மோதல்களை எண்ணும் முறையை வகுத்தார்கள்.

பொறியியல் படிக்கும் தோழர்களே, இறுதியாண்டு புராஜெக்டைக் காசுக்கு வாங்காதீர்கள். உங்கள் சேரி முகப்பில் நின்று எண்ணுங்கள்: எத்தனை வண்டி, என்ன வேகம், எத்தனை பேர் தப்பினார்கள். சாதி நம்மை ஊருக்கு வெளியே தள்ளியது. சாலை அந்தத் தூரத்தைக் கொலைக்களமாக்கியது. அடுத்த மனுவோடு அந்தக் கணக்கும் போகட்டும்.