குள்ளன் எறிந்த கோடரி

பாதாளம், புதையல், கோடரி ஏந்திய குள்ளர்கள் என்று எந்த வீடியோ கேம் பற்றிப் பேச்செடுத்தாலும் சித்தப்பா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "எல்லாம் டோல்கீன் போட்ட பிச்சை." 'எல்டன் ரிங்' ஆடினேன் என்றாலும் அதே தீர்ப்பு. 'ஹாலோ நைட்'டில் வருவதெல்லாம் பூச்சிகள், குள்ளன் ஒருவன்கூடக் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். "பூச்சிக்குப் பின்னாடியும் அவர்தாம்மா" என்றார்.

டோல்கீனை எனக்கும் பிடிக்கும். என் எரிச்சலெல்லாம் அந்தக் கதையின் வழவழப்பின் மேல்தான். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பேராசிரியர் உட்கார்ந்து எழுதினாராம், உலகமே அதைப் பார்த்து நகலெடுத்துக்கொண்டிருக்கிறதாம்.

ஆனால் சித்தப்பாவை எளிதில் தட்டிப் பேச முடியாது. 1980களில் ஒரு கணினி மையத்தில் இரவுப் பணி பார்த்தவர். எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கணக்கு ரஃப் நோட்டெல்லாம் அவர் கொண்டுவந்து தந்த அச்சுத்தாள்கள்தாம்: இரு ஓரமும் துளை, முன்பக்கம் பச்சைப் பட்டை, பின்பக்கம் வெறுமை. அப்படி வந்த தாள் ஒன்றின் பின்பக்கம் மட்டும் வெறுமையாக இல்லை. பால்பாயின்ட் பேனாவில் கட்டம் கட்டமாக வரைந்து, கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறி போட்டு, 'பாம்பு', 'கம்பிக்கதவு', 'இங்கே விளக்கு முக்கியம்' என்று ஆங்கிலத்தில் குறித்திருந்தார். என்னவென்று கேட்டபோது, "ஆபீஸ் வேலை" என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டார்.

அந்த ஆபீஸ் வேலையின் பெயர் 'அட்வெஞ்சர்' என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. பாதாளத்தில் இறங்கிப் புதையல் எடுக்கும் கணினி விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது என்று எல்லோரும் கைகாட்டுவது அதைத்தான். சரி, நதிமூலம் பார்ப்பதென்றால் அங்கிருந்தே நூல் பிடிப்போம் என்று இறங்கினேன்.

படமே இல்லாத ஆட்டம் அது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று திரை எழுத்தில் சொல்லும். போ, எடு, எறி என்று ஓரிரு சொல்லில் நீங்கள் பதில் தட்ட வேண்டும். சாலையோரம் சிறு செங்கல் கட்டடம், உள்ளே விளக்கும் சாவியும். ஓடையைப் பிடித்துப் போனால் தரையில் ஒரு கம்பிக்கதவு. திறந்து இறங்கினால் குகை. விளக்கில்லாமல் நடந்தால் குழியில் விழுந்து சாவு. சிறிது உள்ளே போனதும் எங்கிருந்தோ ஒரு குள்ளன் வருகிறான், கோடரியை எறிகிறான், குறி தப்புகிறது, திட்டிவிட்டு ஓடுகிறான். அந்தக் கோடரியை எடுத்துவைத்துக்கொண்டு அடுத்து வரும் குள்ளர்கள்மேல் எறிய வேண்டியது நம் பாடு.

இந்தக் குள்ளனிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன். சித்தப்பாவின் கட்சிக்கு முதல் சாட்சி அவன். அவன் டோல்கீன் வீட்டுப் பிள்ளை இல்லையென்று நிரூபித்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று கணக்குப் போட்டேன். 1937இல் வந்த 'தி ஹாபிட்'டை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் குள்ளர்களுக்குப் பெயர் உண்டு, தாடி உண்டு, வம்சாவளி உண்டு. பாத்திரம் கழுவும்போதுகூடப் பாடுகிறார்கள். இழந்த மலைக்காக அழுகிறார்கள். ஆட்டத்துக் குள்ளனுக்கோ பெயரும் இல்லை, ஊரும் இல்லை. நான் ஆடிய பதிப்பில், கொன்றதும் அவன் உடல் கரும்புகையாய்க் கரைந்துவிடுகிறது. கிடக்கும் பிணத்துக்குக் கணக்கு வைக்க நிரலாளருக்கு வசதிப்படவில்லை போலும் என்று எனக்குப் பட்டது. இவன் எங்கே, 'ஹாபிட்' குள்ளர்களின் தலைவன் தோரின் ஓக்கன்ஷீல்ட் எங்கே?

தாம்பரத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போய் இதையெல்லாம் அடுக்கினேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த க்ரௌதர் வேலை முடிஞ்சதும் என்ன ஆடினான்னு பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். அட்வெஞ்சரை முதலில் எழுதிய வில் க்ரௌதர் மாசசூசெட்ஸில் பிபிஎன் நிறுவனத்தின் நிரலாளராக இருந்தவர்; இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் கணுக்களை ஓட்டிய மென்பொருளில் அவர் கை உண்டு. 1974இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டை நண்பர்களோடு சேர்ந்து ஆடிவந்தார். அதில் அவர் ஏற்ற பாத்திரம் வில்லி என்ற திருடன். எரிக் ராபர்ட்ஸ் நடத்திய அந்தத் தொடர் ஆட்டத்தின் பெயர் 'மிர்க்வுட் டேல்ஸ்'. மிர்க்வுட் என்பது டோல்கீன் கதையின் இருண்ட காடு. குள்ளனின் தாடியைப் பிடித்துக்கொண்டு நான் வாதாடிக்கொண்டிருக்க, சித்தப்பா பெயர்ப்பலகையையே காட்டிவிட்டார். "என்னம்மா, கேஸ் தள்ளுபடியா?" என்று வேறு கேட்டார்.

மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறதே. அட்வெஞ்சரைப் பற்றி இன்னொரு வாய்பாடும் உண்டு. க்ரௌதர் எழுதியது வெறும் குகைச் சித்திரிப்புதான், 1977இல் ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திலிருந்த டான் வுட்ஸ் அதைக் கண்டெடுத்து மாயமந்திரம் சேர்த்தார் என்பார்கள். வுட்ஸ் கெட்டிக்காரர், க்ரௌதரின் முகவரி தெரியாததால் அர்பாநெட்டில் இருந்த ஒவ்வொரு கணினிக்கும் 'க்ரௌதர்' என்ற பெயரிட்டு அஞ்சல் அனுப்பி ஆளைப் பிடித்து அனுமதி வாங்கினார். அவர் சேர்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது டிராகன். டிராகனைக் கொல் என்று தட்டினால், எதை வைத்து, வெறுங்கையாலா என்று ஆட்டம் நக்கலடிக்கும். ஆம் என்று தட்டிவிட்டால் போதும், டிராகன் செத்துவிழும்! இன்றைக்கும் இதைவிட நல்ல நகைச்சுவையை எந்தக் கற்பனை ஆட்டத்திலும் நான் பார்க்கவில்லை.

ஆனால் க்ரௌதரின் மூல நிரல் பலகாலம் யார் கையிலும் இல்லை. பென்சில்வேனியாவின் சீட்டன் ஹில் பல்கலைக்கழகத்து டென்னிஸ் ஜெர்ஸ், வுட்ஸின் பழைய மாணவர் கணக்கின் காப்புப் பிரதியிலிருந்து அதை மீட்டு 2007இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். ஃபோர்ட்ரானில் சுமார் 700 வரி நிரல், ஏறக்குறைய அதே அளவு தரவு, 66 அறைகள், 193 சொற்கள். அதற்குள்ளேயே குள்ளன் இருந்தான். கோடரியும் மந்திரச் சொல்லும் இருந்தன. வாய்பாடு அங்கே உடைந்தது. குகையும் மாயமும் பிறக்கும்போதே ஒட்டிப் பிறந்தவை.

அந்தக் கட்டுரையில் குள்ளனைத் தேடிப் போன என்னைக் குகை இழுத்துக்கொண்டது. ஜெர்ஸ் நூலகத்தோடு நிற்கவில்லை. 2005இல் கென்டக்கிக்குப் போய், குகை ஆய்வாளர்களோடு நிஜக் குகைக்குள் இறங்கியிருக்கிறார். ஆட்டத்தில் வருவது மாமத் குகைத் தொடரின் பெட்குவில்ட் பகுதி. கம்பிக்கதவு நிஜம். தவழ்ந்து போகும் கூழாங்கல் பாதை நிஜம். ஆட்டத்தில் 'ஒய்2' என்று எழுதிய பாறை ஒன்று வரும். அது நில அளவைக்காரர்கள் இட்ட குறி. இந்த ஆட்டத்தை நெட்டுருவாக ஆடியிருந்த ஒரு பெண், முதன்முறை பெட்குவில்டில் இறங்கியபோதே வழி சொல்லிக்கொண்டு போனதாகக் குகைக்காரர்கள் சொல்கிறார்கள்.

க்ரௌதரும் அவர் மனைவி பட்ரிஷியாவும் குகை அளப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர்கள். நாடாவும் திசைகாட்டியும் கொண்டு எடுத்த அளவுகளை, வரவேற்பறையில் இருந்த டெலிடைப் வழியாகக் கணினியில் ஏற்றி வரைபடமாக்கினார்கள். 1972 செப்டம்பர் 9 அன்று ஃப்ளின்ட் ரிட்ஜ் குகையிலிருந்து மாமத் குகைக்கு வழி கண்ட அறுவர் குழுவில் பட்ரிஷியா இருந்தார். அதற்கு முந்தைய பயணம் ஒன்றில், மற்றவர் நுழையத் தயங்கிய இடுக்கில் மெலிந்த உடம்பை நுழைத்து அப்பால் போய்ப் பார்த்தவரும் அவரே. அந்தச் செப்டம்பர் நாளில் மார்பளவு தண்ணீரில் நடந்துபோனவர்களின் வெளிச்சத்தில் ஒரு இரும்புக் கைப்பிடிக் கம்பி தெரிந்தது. சுற்றுலாப் பயணிகள் விழாமலிருக்க மாமத் குகையில் நட்டது. யாருமே கால்வைக்காத இருட்டின் மறுமுனை, டிக்கெட் வாங்கி வருகிறவர்களின் நடைபாதையில் போய் முட்டியது. உலகின் மிக நீளமான குகைத் தொடர் உறுதியான கணம் அது. மாயக்கதை எழுதுகிறவர் யாருக்காவது இப்படி ஒரு முடிவு தோன்றுமா?

பிறகு மணமுறிவு. குகைக்குப் போவது நின்றது. பிரிந்திருந்த மகள்கள் வரும்போது ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று க்ரௌதர் அட்வெஞ்சரை எழுதினார். இது அவரே சொன்ன காரணம்.

அதே குகைக்கு இன்னும் பழைய வரைபடக்காரர் ஒருவர் உண்டு: ஸ்டீஃபன் பிஷப். அடிமை. 1838இல் மாமத் குகைக்கு வழிகாட்டியாகக் கொண்டுவந்து விடப்பட்டபோது வயது பதினேழைத் தாண்டியிராது. 'அடியிலாக் குழி' என்று அஞ்சி எல்லோரும் திரும்பிய பள்ளத்தைக் கடந்து, அப்பால் மைல்கணக்கில் பாதைகளைக் கண்டவர் அவர். 1842இல் குகை முழுவதையும் நினைவிலிருந்தே வரைந்தார். அவர் பெயரோடு அது அச்சேறியது. 1856இல் விடுதலை கிடைத்தது, மறு ஆண்டே இறந்துபோனார். அட்வெஞ்சரிலும் ஒரு பிளவு வரும். கறுப்புக் கோலை வீசினால் பளிங்குப் பாலம் முளைக்கும். பிஷப்புக்கு அப்படி ஒன்றும் முளைக்கவில்லை. மரத்தைக் குறுக்கே போட்டுத்தான் போனார்.

இதையெல்லாம் சொன்னபோது சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்போ டோல்கீன்?" என்றார். அந்தக் கேள்விக்கு டோல்கீனே பதில் எழுதிவைத்திருக்கிறார். 'தி டூ டவர்ஸ்' நூலில் கிம்லி என்ற குள்ளன், தான் கண்ட ஒளிரும் குகைகளைத் தோழனிடம் உருகி உருகி வர்ணிப்பான். அந்த இடம் இங்கிலாந்தின் செடார் பள்ளத்தாக்குக் குகைகளிலிருந்து வந்தது என்று 1971இல் ஒரு கடிதத்தில் சொல்கிறார். 1916இல் தேனிலவின்போது பார்த்து, 1940இல் மறுபடி போனாராம். அவரும் டிக்கெட் வாங்கிக் குகைக்குள் போனவர்தான்! சித்தப்பா இதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார். நான் என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

கற்பனைக்கு நூலாதாரம் தேடுகிற அளவுக்கு நாம் நிலத்தை ஆதாரமாகத் தேடுவதில்லை. யார் யாரைப் படித்தார் என்று கேட்கிறோம். யார் எங்கே முட்டிதேயத் தவழ்ந்தார் என்று கேட்பதில்லை. இந்தக் கேள்வியோடு அண்மையில் ஆடியதையும் படித்ததையும் திரும்பிப் பார்த்தபோது என் பட்டியலே புரண்டுவிட்டது.

ராபர்ட்டா வில்லியம்ஸ் அட்வெஞ்சரை ஆடிய கிறக்கத்தில்தான் 1980இல் 'மிஸ்டரி ஹவுஸ்' படைத்தார். 2023இல் அவரே 'கொலோசல் கேவ்' என்று அட்வெஞ்சரை முப்பரிமாணத்தில் கொண்டுவந்தார். நன்றிக்கடன் புரிகிறது, உழைப்பும் தெரிகிறது. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. பாறையெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. எழுத்தில் ஆடும்போது அடுத்த அறை எவ்வளவு பெரிது என்று தெரியாமல் நின்ற பயம் அங்கே இல்லை.

உர்சுலா லெ குவினின் 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' 1971இல் நூலாக வந்தது, அட்வெஞ்சருக்கு முன்பே. பூசாரிப் பெண் டெனார், வெளிச்சமே கூடாத நிலத்தடி வழிகளைச் சுவரைத் தடவித் திருப்பங்களை எண்ணிக் கற்கிறாள். கிழக்கு ஓரிகன் பாலைநிலத்துக்குப் போய்வந்ததில் பிறந்த நாவல் என்று லெ குவின் சொல்லியிருக்கிறார். வாசிக்கும்போது என் விரல் நுனியிலும் கல் உறைத்தது. இதற்கு நான் எத்தனை மதிப்பெண்ணும் தருவேன்.

'ஹாலோ நைட்'டைச் செய்தது ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி என்ற மிகச்சிறிய குழு. அதில் புதுப் பகுதிக்குள் போனால் வரைபடம் இருக்காது. கீழே சிதறிய காகிதங்களையும் முனகல் பாட்டையும் தொடர்ந்து போனால், கார்னிஃபர் என்ற வரைபடக்காரப் பூச்சி உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும். அதனிடம் காசு கொடுத்து வாங்கும் வரைபடமும் பாதிதான். மீதியை நீங்களே நடந்து பார்க்க வேண்டும். எழுதுகோலையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தால்தான் நடந்த வழி தாளில் ஏறும். எழுதுகோல் விற்பது ஊரில் கடை வைத்திருக்கும் அதன் மனைவி. கணவன் குகையில், மனைவி கணக்கில். டீம் செர்ரி க்ரௌதர் தம்பதியை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. இருட்டை அளப்பது எவ்வளவு மெதுவான வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் கற்பனை நாவல் வாங்கினால் முன்பக்கத்து வரைபடத்தில்தான் முதலில் கண் வைக்கிறேன். மலைத்தொடர், பாலை, சதுப்புநிலம் எல்லாம் அழகாகப் போட்டிருப்பார்கள். பிறகு கதையில் யாருக்காவது கால் வலிக்கிறதா என்று பார்க்கிறேன். நூறு பக்கம் போயும் ஒருவருக்கும் வலிக்கவில்லை என்றால் மூடிவைத்துவிடுகிறேன்.